மலை இல்லாத ஊரில் மவுன்டன் பைக் போட்டி: எப்போது, எங்கே, யாரைக் கேட்டு நடத்துவது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் மலை கிடையாது, மேடுகூடக் கிடையாது. ஆனாலும் எங்கள் இளைஞர் மன்றம் வரும் பொங்கலுக்கு ஆற்றங்கரை வழியாக 40 கிலோமீட்டர் மவுன்டன் பைக் ரேஸ் நடத்த ஆசைப்படுகிறது. மொத்தம் 15 பேர் இருக்கிறோம். முதல் பரிசைப் பெரிய தொகையாக வைக்கலாம் என்று நினைக்கிறோம். இது சரிப்படுமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" கேள்வியில் மலையும் அனுமதியும்தான் முன்னால் நிற்கின்றன. ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு என்று எனக்குப் படுகிறது. தண்ணீரும் பயிரும் நாள் குறிக்கிற ஊரில், அடுத்தவர் நிலத்துக்கும் கரைக்கும் சேதம் வராமல் இப்படி ஒரு போட்டியை நடத்த முடியுமா என்பதுதான் அது. முடியும். ஆனால் பொங்கலுக்கு முடியாது. 40 கிலோமீட்டர் நீளப் பாதையும் வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன். திருவாரூர் மாவட்டத்தில் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பள்ளிகளுக்கான சைக்கிள் போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன். மலைப் பகுதிகளில் நடந்த மவுன்டன் பைக் போட்டிகளில் தடம் அமைக்கும் குழுவிலும் வேலை செய்திருக்கிறேன். எதில் எனக்கு உறுதி உண்டு, எது என் கணிப்பு என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மலை. பெயரில் மலை இருப்பதாலேயே பலர் தயங்குகிறார்கள். மவுன்டன் பைக் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நுழைந்தது 1996 அட்லாண்டாவில். அன்று ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற பார்ட் பிரென்ட்யன்ஸ் நெதர்லாந்துக்காரர். ரைன் ஆற்றின் டெல்டாவில், பெரும்பகுதி கடல்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடக்கிற தட்டையான நாடு அது. அங்கே கடற்கரை மணலிலும் ஈர வயல்வெளியிலும் தோப்புக்குள்ளும் குளிர்காலம் முழுக்கப் போட்டி நடக்கிறது. இந்த விளையாட்டில் ஏற்றம் ஒரு பகுதிதான். பிடி கொடுக்காத மண், குறுகலான பாதை, திடீர்த் திருப்பம், வண்டியை விட்டு இறங்கித் தள்ள வைக்கிற இடம் எல்லாம் சேர்ந்துதான் அது மவுன்டன் பைக் போட்டி ஆகிறது. காவிரி டெல்டாவில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நிலம் சரிகிறது, உண்மைதான். ஆனால் வயல் மட்டத்திலிருந்து ஆற்றுக்கரை மேல் ஏறும் வண்டிப்பாதையை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆள் உயரமோ இரண்டு ஆள் உயரமோ செங்குத்தாக ஏறி, உடனே இறங்கும். ஒரு சுற்றில் அப்படி ஐந்து ஏற்றம் வைத்து, அந்தச் சுற்றை ஐந்து முறை ஓட வைத்தால், நன்றாகப் பழகியவர்களுக்கும் கால் கெஞ்சும். அதற்கு மேலும் சரிவு வேண்டும் என்றால் வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்குப் போகலாம். மழை அரித்த ஓடைகளும் முந்திரித் தோப்பும் அங்கே உண்டு. ஆனால் அது உங்கள் ஊர்ப் போட்டியாக இருக்காது. கோடியக்கரை மணல்மேட்டையும் காட்டையும் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது வனவிலங்கு சரணாலயம்.

நாள் குறிப்பதுதான் இங்கே பெரிய விஷயம். பொங்கலுக்கு ஏன் கூடாது? வழக்கமான கணக்குப்படி மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடப்படும். பொங்கல் சமயத்தில் பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் இன்னும் தண்ணீர் ஓடும். கரைக்கு ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கதிர் சாய்ந்து நிற்கும் சம்பா. நடுவில் பனியில் நனைந்த களிமண். அதில் நூறு பேரை முட்டிமோத விடுவது ஆபத்து, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரி, தை கடைசியிலோ மாசியிலோ வைக்கலாமா என்றால், அப்போது ஊர் முழுக்க அறுவடை. பெல்ட் போட்ட அறுவடை வண்டியும் டிராக்டரும் கரையில்தான் போய் வரும். நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டிருப்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் லாரி வரிசை நிற்கும். மழை வருவதற்குள் நெல்லை வீடு சேர்க்கத் தவிக்கிற விவசாயியிடம் போய் "இரண்டு மணி நேரம் பாதையை விடுங்கள்" என்று கேட்க உங்களுக்கே மனசு வராது.

அதேபோல், அறுவடை முடிந்த வயலைச் சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அரிதாளுக்கு இடையில் அது முளைத்து நிற்கும். தள்ளி நின்று பார்த்தால் வெறும் வயல், கிட்டப் போனால் பயிர். ஒரு சைக்கிள் தடம் போதும், ஒரு குடும்பத்தின் கோடை வருமானத்தில் கை வைத்ததாகிவிடும். அதனால் வயலுக்குள் தடம் போடும் யோசனையே வேண்டாம். கரை, தோப்பு, களம், காய்ந்த குளத்தின் உட்கரை, ஆற்று மணல் இவை போதும்.

அப்படியானால் எப்போது? என் கணிப்பில் பங்குனி. அறுவடை முடிந்திருக்கும், ஆறு வற்றியிருக்கும், கரை காய்ந்து இறுகியிருக்கும். அதையும் தாண்டி சித்திரை, வைகாசிக்குப் போனால் தூர்வாரும் வேலை தொடங்கிவிடும். ஹிட்டாச்சி வண்டி அள்ளிப் போட்ட சேறு கரை நெடுகக் குவிந்து கிடக்கும், கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும். எனவே உங்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதிலும் பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவேளை தேர்வு மீதமிருக்கலாம், அவர்களுக்கு அடுத்த ஆண்டு. திருவாரூர் ஆழித்தேர், பக்கத்து ஊர்த் தீமிதி, காவடி இவற்றின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேர் நாளில் போலீசார் உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஆம்புலன்ஸும் கிடைக்காது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் ஆண்டு என்றால் மேடையும் கட்சிக்காரர் பரிசும் வேறு சிக்கலைக் கொண்டுவரும். அந்த ஆண்டு தள்ளிப் போடுவது நல்லது.

இன்னொன்று, முதல் நாள் இரவு மழை பெய்தால் போட்டியைத் தயங்காமல் ரத்து செய்யுங்கள். ஓட்டுபவர் வழுக்கி விழுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கரை. ஈரக் களிமண்ணில் சக்கரம் உழுத பள்ளம் அப்படியே காய்ந்து இறுகும். பிறகு மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாகவே ஓடிக் கரையை அரிக்கும். கரை உடைந்தால் என்னவாகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கரை மண்ணைக் கையில் எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டை உதிராமல் நின்றால் அன்றைக்குப் போட்டி இல்லை. மாற்றுத் தேதியை நோட்டீசிலேயே அச்சிட்டுவிட்டால் மனத்தாங்கல் வராது.

அடுத்து தூரம். 40 கிலோமீட்டர் நீளமாக ஓடினால் எத்தனை மதகு, எத்தனை பாலம், எத்தனை தெரு முனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். 15 பேரால் அது நடக்காது. 22ஆவது கிலோமீட்டரில் ஒருவர் கரையிலிருந்து உருண்டு விழுந்தால் உங்களுக்குத் தகவல் வரவே அரை மணி ஆகும். ஒலிம்பிக் வகைப் போட்டியே பொதுவாக 4 முதல் 6 கிலோமீட்டர் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடுவதுதான். உங்களுக்கும் அதுவே சரி. 4 அல்லது 5 கிலோமீட்டருக்கு ஒரு சுற்று போடுங்கள். புறப்படும் இடமும் முடியும் இடமும் பள்ளி மைதானமோ ஊர்க் களமோ ஆக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் எந்த மூலைக்கும் சில நிமிடங்களில் போய்விடும். ஊர் மக்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஓட்டுபவர்களை ஐந்து முறை பார்ப்பார்கள். கபடிப் போட்டிக்கும் ரேக்ளாவுக்கும் பழகிய ஊர் நம்முடையது. ஒருமுறை புழுதி கிளப்பிவிட்டுப் போய் மறைகிற போட்டிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சுற்றை வகுக்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது, புறப்பட்டதும் வரும் முதல் 400, 500 மீட்டர் அகலமாக இருக்க வேண்டும் என்பது. தார்ச்சாலையோ மைதானமோ, ஆறேழு சைக்கிள் ஒன்றாகப் போகிற இடம் வேண்டும். புறப்பட்ட கையோடு ஒற்றையடிக் கரையில் ஏற விட்டால் முதல் நிமிடமே குவியலாக விழுவார்கள். அகலத்தில் ஓடி வேகத்துக்குத் தக்கபடி வரிசை பிரிந்த பிறகு குறுகலுக்குள் நுழையட்டும். கரையின் மேல்பகுதி முந்திச் செல்ல இடம் தராது என்பதால், ஒவ்வொரு கரைத் துண்டுக்கும் பிறகு தோப்பிலோ மணலிலோ முந்துவதற்கு இடம் விடுங்கள். ஆற்று மணலில் 100 மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் போனால் சைக்கிள் ஓட்டுவது போய்ச் சைக்கிள் சுமப்பதாகிவிடும். படித்துறைப் படிகளில் இறக்கும் யோசனை உங்களில் யாருக்காவது வரும், வேண்டாம். ஆபத்து ஒருபுறம் இருக்க, குளிக்கவும் திதி கொடுக்கவும் வருகிற இடம் அது.

காய்ந்த குளமும் ஏரியும் நல்ல இடம், ஒரு எச்சரிக்கையோடு. வண்டல் களிமண் காய்ந்தால் வாய் பிளக்கும். முன்சக்கரம் வெடிப்பின் போக்கிலேயே நீளவாக்கில் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். குளத்தின் நடுவை விட்டுவிட்டு உட்கரைச் சரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மதகுக் கட்டைக்கும் மரத்துக்கும் முன்னால் வைக்கோல் கட்டு வையுங்கள். அறுவடை முடிந்த கையோடு இயந்திரம் உருட்டிப் போட்ட கட்டுகள் ஊரெல்லாம் கிடக்கும். வெளிநாட்டுப் போட்டிகளிலும் மோதலைத் தாங்க வைக்கோல் கட்டு வைப்பது உண்டு. வாடகையாக இரண்டு நாள் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்போது அனுமதி. நீங்கள் காவல் நிலையத்தில் தொடங்கலாம் என்று நினைப்பீர்கள். நான் வேறு வரிசை சொல்வேன். முதலில் நிலத்துக்காரர். ஆறும் பெரிய வாய்க்கால்களும் அவற்றின் கரையும் நீர்வளத்துறையின் கையில் உள்ளன. 2021க்கு முன் பொதுப்பணித்துறையோடு இருந்ததால் ஊரில் இன்னும் அந்தப் பெயர்தான் சொல்வார்கள். உங்கள் பகுதி உதவிப் பொறியாளரைப் பார்த்து, எந்தக் கரையில் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுங்கள். தோப்பு தனியார் என்றால் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். நம் பகுதியில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. அங்கே அறநிலையத்துறை அல்லது மடத்து நிர்வாகம் ஒரு பக்கம், குத்தகைக்கு உழுகிறவர் இன்னொரு பக்கம். இருவரையும் கேட்க வேண்டும். பல பேர் குத்தகைதாரரை மறந்துவிடுகிறார்கள். தேங்காய் அவருடையது, வேலி அவர் கட்டியது, நஷ்டமும் அவருடையது. இதெல்லாம் கையில் வந்த பிறகு ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம் என்று போனால் பேச்சு சுலபமாக இருக்கும். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும்படி தடம் போட்டால் அனுமதி பல மடங்கு கடினமாகும், ஆபத்தும் கூடும். கடக்காமலே சுற்றை முடிக்கப் பாருங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியை ஆண்டுதோறும் நடத்துகிற அலுவலகம் என்பதால் நடுவர்களையும் அனுபவத்தையும் அங்கே கேட்டுப் பெறலாம். கையெழுத்து எத்தனை நாளில் வரும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். போட்டிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

அனுமதிக் கடிதம் சொல்லாத ஆபத்துகளும் உண்டு. தடம் முழுவதையும் நிலத்துக்காரரோடு சேர்ந்து ஒருமுறை நடந்து பாருங்கள், சைக்கிளில் போக வேண்டாம். முள்வேலி, மின்கம்பத்தின் இழுகம்பி, மோட்டார் கொட்டகைக்குத் தாழ்வாகப் போகும் ஒயர், பன்றிக்காக யாராவது திருட்டுத்தனமாகக் கட்டிய மின்வேலி எல்லாம் நடந்தால்தான் கண்ணில் படும். மின்வேலி இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். தென்னந்தோப்பில் தடம் போனால் போட்டிக்கு முந்தைய வாரம் தேங்காய் பறித்து, காய்ந்த மட்டையையும் இறக்கிவிடச் சொல்லுங்கள். பறிப்புச் செலவை மன்றம் ஏற்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்துக் கிடை ஆடுகள் வயலில் மடங்கியிருக்கும். காலையில் கரை வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகும். ஆட்டுக்காரரான கீதாரியிடம் முன்பே பேசினால் அன்று வேறு வழியாக ஓட்டிக்கொண்டு போவார். முள் பற்றிச் சொல்லவே வேண்டாம், நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் டயரை விடாது. தடத்தைப் பெருக்கி விடுங்கள். சுற்றின் நடுவில் ஒரு பஞ்சர் கடைக்காரரை உட்கார வையுங்கள்.

உங்கள் போட்டியின் உயிர் கியர் சைக்கிளில் இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கிராமத்தில் மவுன்டன் பைக் வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஆனால் பிளஸ் ஒன் படித்த பிள்ளைகள் வீட்டில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் நிற்கிறது. 1976ல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் மலைச்சரிவில் நடந்த ரீபேக் ஓட்டம்தான் இந்த விளையாட்டின் தொடக்கங்களில் பெரிதாகப் பேசப்படுவது. அதில் ஓட்டியவையும் கனத்த, பழைய, தடித்த டயர் போட்ட சாதாரண சைக்கிள்கள்தான். எனவே முதல் பிரிவாகச் சாதாரண சைக்கிளை வையுங்கள், இரண்டு சுற்று. கியர் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு, நான்கைந்து சுற்று. அண்ணா பிறந்தநாள் போட்டி 13, 15, 17 வயது என்று பிரித்து கியர் இல்லாத சைக்கிளில்தான் நடக்கிறது. அந்த வயதுப் பிரிவுகளையே எடுத்துக்கொண்டால் பள்ளிகளுக்கும் புரியும்.

பெண்களுக்கு எல்லாப் பிரிவும் வேண்டும், பரிசும் ஒரே அளவில். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. அந்த அம்மாக்களின் பேத்திகள் இன்று உங்கள் வட்டாரத்துப் பள்ளிகளிலும் படிக்கலாம். பிள்ளைகள் வர வேண்டும் என்றால் பள்ளிக் கழிப்பறையைத் திறந்து சுத்தமாக வைப்பதும், பெண் தன்னார்வலர்கள் பதிவு மேசையில் இருப்பதும் நோட்டீசைவிட முக்கியம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு சுற்று வையுங்கள், ஊரே வந்து நிற்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. எல்லோரிடமும் இருக்காது என்பது தெரியும். பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால் 30 ஹெல்மெட் வாங்கி மாற்றி மாற்றிக் கொடுத்தாலே போதும். முதல் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை எடுத்து இதற்குப் போடுங்கள். முந்தைய நாள் மாலை ஊர் சைக்கிள் கடைக்காரரை வைத்து எல்லா வண்டியும் பார்க்கப்பட வேண்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஹேண்டில்பார் இறுகியிருக்கிறதா, அதன் இரண்டு முனையும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த குழாய் முனை விழும்போது வயிற்றில் இறங்கும், இது உலகெங்கும் தெரிந்த விபத்து. ஸ்டாண்டு, கேரியர், கூடை, மட்கார்டு எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

போட்டி நாளில் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு ஆள், ஒருவர் கண்ணுக்கு அடுத்தவர் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கையில் மஞ்சள் கொடியும் விசிலும். முன்னால் யாராவது விழுந்து கிடந்தால் மஞ்சள் கொடியை ஆட்டுவார். அதைப் பார்த்தவர் வேகம் குறைக்க வேண்டும், அந்த இடத்தில் முந்தக் கூடாது. இதைப் புறப்படும் முன் எல்லோருக்கும் செய்தே காட்டுங்கள். 5 கிலோமீட்டர் சுற்றுக்கு 25 பேராவது வேண்டியிருக்கும். உங்கள் 15 பேர் போக, கபடிக் குழு, பள்ளியின் சாரணர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கேளுங்கள். நேரக் கணக்குக்குச் சிப் வேண்டியதில்லை. ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, ஒருவர் எழுத, கோட்டுக்கு நேராக ஒரு செல்போன் கேமரா நிற்காமல் ஓடட்டும். தகராறு வந்தால் அதைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். பெரிய போட்டிகளில் மிகவும் பின்தங்கியவர்களை இடையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஊர்ப் போட்டிக்கு அது வேண்டாம். முதல் ஆள் முடித்ததும், மற்றவர்கள் எந்தச் சுற்றில் இருந்தாலும் அடுத்து கோட்டைத் தொடும்போது முடித்ததாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடுவார்கள், கடைசிப் பையனும் கைத்தட்டலோடு முடிப்பான். அவனுக்குப் பின்னால் ஒரு தன்னார்வலர் சைக்கிளில் வர வேண்டும், அவர் வந்து சேர்ந்தால்தான் தடம் காலி என்று பொருள்.

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். தண்ணீர்ப் பாக்கெட் 2019லிருந்து தமிழ்நாட்டில் தடை. குடத்திலும் எவர்சில்வர் டம்ளரிலும் கொடுங்கள். கூடவே உப்புப் போட்ட மோர், பானகம். யாராவது சோர்ந்தால் ஓஆர்எஸ். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒருவர் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை சார்" என்றாலும் அன்று மறுபடி ஏறக் கூடாது. 108 இருக்கிறது என்று விட்டுவிடாமல், ஒரு ஆம்புலன்ஸை முழு நேரமும் மைதானத்தில் நிறுத்துங்கள். அது ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பும் வரை போட்டி நிற்க வேண்டும். பாம்புக்கடிக்கான மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருப்பு உள்ளது என்று முதல் நாளே போன் செய்து உறுதி செய்யுங்கள். கடித்தால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அங்கே போக வேண்டும்.

பணத்தைப் பற்றி. பெரிய முதல் பரிசு வைத்தால் வெளியூரிலிருந்து நல்ல வண்டியோடு நாலு பேர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு வர மாட்டார்கள். இது என் கருத்துதான், மாற்றுக் கருத்து உள்ள நண்பர்கள் உண்டு. பணத்தைப் பிரித்து, எல்லாப் பிரிவிலும் பத்துப் பேருக்குச் சைக்கிள் டயர், டியூப், ஹெல்மெட் என்று கொடுங்கள். கபடிக்குச் செய்வது போல ஒவ்வொரு பரிசையும் ஒருவர் பெயரில் வாங்கலாம், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் தருவார்கள். செலவில் முதல் வரியில் எழுத வேண்டியது ஆம்புலன்ஸும் காப்பீடும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் குழு விபத்துக் காப்பீடு கிடைக்கும், பங்கேற்பவர் பட்டியலோடு கேளுங்கள். "என் பொறுப்பில் ஓட்டுகிறேன்" என்று கையெழுத்து வாங்குங்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. ஆனால் அந்தத் தாள் உங்கள் கவனக்குறைவை மூடிவிடாது. சட்டம் என் துறை இல்லை. படிவத்தை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சிடுங்கள்.

எழுதச் சங்கடமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தடம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தெருவை ஒதுக்கிவிட்டுப் போகிறது என்பதை ஊர் கவனிக்கும். குழுவிலேயே எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்க வேண்டும், தடம் போடும் நாளில் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும். கொடியசைக்க யாரைக் கூப்பிடுவது, யாருக்கு முதல் மாலை என்பதில்தான் பல ஊர்களில் நல்ல போட்டிகள் நின்று போகின்றன. மாலை, பொன்னாடை இல்லை என்று நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள். கொடியசைக்கப் பள்ளித் தலைமையாசிரியரோ செவிலியரோ போதும்.

தடம் குறிக்கச் சுண்ணாம்பும் மூங்கிலும் தென்னங்கயிறும் போதும், பெயிண்ட் வேண்டாம். முடிந்த அன்றே கயிறும் கழியும் எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போய்க் கரை ஏற்றங்களில் விழுந்த தடத்தை மண் போட்டு மிதித்து மூடுங்கள். நீர்வளத்துறைப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, கரை பழையபடி இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அனுமதிக்கு அந்த ஒரு தாள் பெரிதும் உதவும். மழை எவ்வளவு நாள் முன் பெய்திருந்தால் கரை தாங்கும், மணலில் எந்த இடம் ஓட்ட முடியாமல் போகும் என்பதெல்லாம் உங்கள் ஊர் மண்ணைப் பொறுத்தது, இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இரண்டு பேர் சாதாரண சைக்கிளில் சுற்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, வரைபடத்தையும் மூன்று நான்கு படங்களையும் இங்கே போடுங்கள். எந்தத் திருப்பத்தில் ஆள் நிற்க வேண்டும், எங்கே வைக்கோல் கட்டு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.